ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

டேரிலின் கார் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கிளம்பாது.

மற்ற நாட்களில் அதற்கு ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை விடியற்காலையில், சோதித்துப் பார்ப்பதற்காகவே பல் கூடத் துலக்காமல் எழுந்து போய்ச் சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே உறுமியது. சனிக்கிழமை மத்தியானமும் உறுமியது. ஆனால் ஞாயிறு காலை, ஆறரைப் பூசைக்குப் போவதற்காக அவன் மனைவி அல்போன்சா பட்டுப் புடவையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். ஸ்டார்ட்டர் 'கர்ர், கர்ர்' என்று சுற்றும், எஞ்சின் பற்றாது. அதே ஞாயிறு பதினோரு மணிக்கு மெக்கானிக் நயாஸ் பாய் வந்து சாவியைத் தொட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

"உனக்கு பக்தி கம்மி, அதான் காட்டிக் குடுக்குது" என்றாள் அல்போன்சா.

"இரும்புக்குக் காலண்டர் தெரியாது, அல்போன்சா. கிழமை பார்த்து மக்கர் பண்ற மிஷின் உலகத்துல இல்ல. ஏதோ காரணம் இருக்கு."

காரணத்தைத்தான் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அது இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். டேரிலை விடவும் வயதில் மூத்தது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, இலைப்பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் உட்கார்ந்தால் அவர்கள் குடியிருந்த மர்பி டவுனின் நாய்கள் நேருக்கு நேராகக் கண்ணைப் பார்க்கும். பஸ்ஸின் சக்கரம் காதுக்குப் பக்கத்தில் உருளும். குடகில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து டேரில் இதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அல்போன்சா வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "வேலியில போன ஓணானைப் புடிச்சி வேட்டிக்குள்ள விட்டுக்கினியா?" தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அந்தக் காருக்கு ஓணான் என்று பெயர்.

டேரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. வார நாட்களில் மெட்ரோவில் போய் மெட்ரோவில் வருவான். ஓணான் வெளியே போவது ஞாயிறு ஒரு நாள்தான், அதுவும் பங்குக் கோயில் வரைக்கும்தான். நடந்தால் பத்து நிமிடம். ஆனால் கோயில் வாசலில் ஓணானை நிறுத்திவிட்டு இறங்கும் அந்த ஒரு கணத்துக்காக அவன் வாரம் முழுவதும் மற்றவர்களுடைய விபத்துகளைப் படித்து ஒப்பமிட்டுக்கொண்டிருந்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கணம்தான் இப்போது தடைப்பட்டுவிட்டது. முதல் தடவை கிளம்பாதபோது காரணம் சுலபமாகக் கிடைத்தது: பேட்டரியின் எர்த் வயர் லூசாகியிருந்தது. ஸ்பேனரை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கினான், தீர்ந்தது. ஆனால் அடுத்த ஞாயிறும் கிளம்பவில்லை. இம்முறை ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது, எஞ்சின்தான் பற்றவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. தெருவில் பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் தள்ளினார்கள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அல்போன்சாவும் தள்ளினாள். தள்ளியும் கிளம்பாமல், தள்ளிய தூரத்தைத் திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, ஆட்டோ பிடித்து, பிரசங்கத்தின் நடுவில் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஃபாதர் பேச்சை நிறுத்திவிட்டு இருவரும் உட்காரும்வரை காத்திருந்தார். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. அல்போன்சாவின் கையில் கிரீஸ்.

அன்று மத்தியானம்தான் அவள் கெடு வைத்தாள்.

"இதோ பாரு. வர்ற ஞாயித்துக்கிழமை அது தானா கிளம்பி என்னைப் பூசைக்குக் கூட்டிக்கினு போச்சுன்னா, இருக்கட்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லேன்னா ராஜேந்திரன் அண்ணன் எடுத்துக்கினு போகட்டும்."

ஜோகுபாளையம் ராஜேந்திரன் பழைய கார்களைச் சேர்ப்பவர். ஓணான் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். யார் வீட்டில் கார் கிளம்பவில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கண்டு கேட்டு விசாரிக்க வருவார், இழவு வீட்டுக்கு வருவது போன்ற முகத்தோடு.

டேரில் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்ய? அவள் கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

பழைய காரில் ஒரு வசதி உண்டு. ஒளிந்துகொள்ள அதில் இடம் கிடையாது. எஞ்சின் ஓட வேண்டுமென்றால் மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் ஒரு பொறி. பெட்ரோல் வருகிறது, மூக்கே சொல்லியது. காற்றுக்கு மர்பி டவுனில் பஞ்சமில்லை. மிச்சம் பொறி. இதை டேரில் இரண்டாவது ஞாயிறுக்கு முந்தைய வாரமே சாப்பாட்டு மேஜையில் அல்போன்சாவுக்கு விளக்கியிருந்தான். முதல் தடவை நின்றுபோனது வெறும் வயர்தான் என்றாலும், அந்தச் சாக்கில் மொத்தத்தையும் விளக்கும் வாய்ப்பை அவன் விடுவதாக இல்லை.

"பேட்டரியில இருக்கிறது பன்னிரண்டு வோல்ட். அத வச்சிக்கினு ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாது. காயில்னு ஒண்ணு இருக்கு, அது இந்தப் பன்னிரண்ட பல ஆயிரமா ஏத்தும். ஏத்தினா மட்டும் போதுமா? நாலு பிளக்குக்கும் முறையா பங்கு வைக்கணுமே! அதுக்குத்தான் இந்தக் கறுப்பு மூடி." சாம்பார் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான்; நல்லவேளை, காலிக் கிண்ணம். "இதுக்குள்ள ஒரு கை சுத்திக்கினே இருக்கும். நம்ம ஃபாதர் பூசையில நன்மை அப்பம் குடுக்கிறாரு பாரு, அதே மாதிரி. நாலு பேர் வாயைத் திறந்துக்கினு நிக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கா, வரிசை தப்பாம குடுத்துக்கினே போகும்."

"வரிசையில நிக்காம எவனாச்சும் குறுக்க பூந்தா?"

"அப்போ யாருக்கும் ஒழுங்கா கிடைக்காது. இந்த மாதிரி பழைய வண்டியில பாதி வினை இந்த மூடியிலதான் ஆரம்பிக்கும்."

பிறகு அவளை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய், பானெட்டைத் திறக்கும் விதத்தையும் காட்டி, டார்ச் அடித்து அந்த மூடியைக் காட்டினான். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு மூடி. தலையிலிருந்து தடித்த வயர்கள் கிளம்பி நாலாபக்கமும் போயின. டாக்டர் தொட்டுக் காட்டிய இடத்தை நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்ப்பார்களே, அப்படி உற்றுப் பார்த்தாள் அல்போன்சா.

கெடு வைத்த வாரத்தில் டேரில் எல்லாவற்றையும் மாற்றினான். பிளக்குகள் புதிது. காயில் புதிது. கண்டென்சர் புதிது. மூடியை மட்டும் மாற்றவில்லை. அது லேசில் கிடைக்காது, அதோடு அது கண்ணாடி போல் பளபளவென்று இருந்தது. பளபளக்கக் காரணம் நயாஸ் பாய். பானெட்டைத் திறந்ததும் தோளில் கிடக்கும் துண்டால் அந்த மூடியை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் அவர் எந்த வேலையையும் தொடுவார். வேலை பார்ப்பதற்கு முன் சிலர் சிலுவை போடுவதுபோல, அவருக்கு அது ஒரு பழக்கம்.

"டேரில் சாப், காடி ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் அவர், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் டீ டம்ளரை வைத்து, அது தளும்பாமல் நிற்பதைக் காட்டி. "பீமாரி, சீக்கு, வண்டிக்கு நை. ஞாயித்துக்கிழமைக்குத்தான்."

"ஒரு ஞாயிறு காலையில ஆறு மணிக்கு நீங்களே வந்து பாருங்களேன், பாய்."

"ஆறு மணிக்கா?" நயாஸ் பாய் காதைப் பொத்திக்கொண்டார். "அந்த நேரத்துல எனக்கே செல்ஃப் எடுக்காது சாப்."

மாடியில் குடியிருந்த சீனு உதவிக்கு வந்தான். சேலத்துப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கையில் ஒரு சின்னக் கருவி.

"அங்கிள், இத கார்ல சொருகினா போதும். என்ன கோளாறுன்னு போன்லயே வந்துரும். போர்ட் எங்க இருக்கு?"

"எந்த போர்ட்டு?"

"கம்ப்யூட்டர் போர்ட்டு, அங்கிள்."

"இந்த வண்டி செஞ்சப்போ கம்ப்யூட்டர் ஒரு ரூம் சைஸ்ல இருந்துச்சு, சீனு."

சீனு சிறிது நேரம் ஓணானைச் சுற்றி வந்தான். கடைசியில் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப இது எப்படி அங்கிள் ஓடுது?" என்று கேட்டான். இந்த உலகத்தில் டேரிலிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. சீனு அன்று ஆபீஸுக்கு லேட்.

சனிக்கிழமை மத்தியானம் ஓணான் கிளம்பியது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, டேரில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனான். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் போவான். கனத்த குரல் அவனுக்கு. அன்று பாட்டில் அவனுக்கு இரண்டு இடத்தில் தாளம் தப்பியது.

ஞாயிறு விடிந்தது. மழைக்காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த நாட்கள். தெருவில் ஈரப் பனி இறங்கியிருந்தது. ராஜேந்திரன் ஏற்கெனவே வாசலில் இருந்தார். அல்போன்சா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான் வந்தேன் தம்பி. இந்தப் பக்கம் ஒரு வேலை."

"காலையில அஞ்சே முக்காலுக்கா அண்ணே?"

"வேலைன்னா நேரம் காலம் பார்க்க முடியுமா?"

டேரில் தார்ப்பாயை உருவினான். சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருகினான். கர்ர், கர்ர், கர்ர். பற்றவில்லை. மறுபடியும் திருகினான். கர்ர், கர்ர். அல்போன்சா இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டியவள், அப்படித் தெரியவில்லை.

சத்தம் கேட்டு சீனு அரை டிராயரோடு இறங்கி வந்தான். பானெட்டைத் திறந்துவிட்டு டேரில் மறுபடியும் திருகியபோது, சீனு தலையைச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்டான்.

"அங்கிள், உள்ள ஏதோ டிக் டிக்குனு கேக்குது. பல்லி கத்துற மாதிரி."

டேரில் நிமிர்ந்தான். சத்தமா? பொறி பிளக்குக்குள்ளே வெடித்தால் வெளியே கேட்காது. வெளியே கேட்கிறது என்றால் வெளியேதான் எங்கேயோ வெடிக்கிறது. வெளியே வெடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டு வேண்டும்.

"சீனு, நீ போய் சாவியைத் திருகு. நான் சொல்றவரைக்கும் விடாத."

சொல்லிவிட்டுத் தார்ப்பாயை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு எஞ்சினுக்குள் கவிழ்ந்தான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஓணான் டேரிலை இடுப்புவரை விழுங்கிவிட்டது போலத் தெரிந்தது. பால் வாங்க வந்தவர்கள் நின்றார்கள்.

"தம்பி மனசு ஒடஞ்சிட்டாரு" என்றார் ராஜேந்திரன் மெதுவாக. "விட்டுடுங்க, அழுது தீர்க்கட்டும்."

தார்ப்பாய்க்குள் கும்மிருட்டு. சீனு சாவியைத் திருகினான். டேரில் பார்த்தான். அந்தக் கறுப்பு மூடியின் உச்சியிலிருந்து நீல நிறத்தில் மெல்லிய பூரான்கள் கிளம்பி, மூடியின் வெளிப்புறமாகவே நெளிந்து ஓடி, கீழே இரும்பில் இறங்கி மறைந்தன. டிக், டிக், டிக். பிளக்குகளுக்குப் போக வேண்டிய பல ஆயிரம் வோல்ட்டும் மூடியின் முதுகு வழியாகவே கீழே ஓடிப்போய்க்கொண்டிருந்தது. உள்ளே நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். எவனோ குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் வாங்கித் தின்றுவிட்டான்.

பரவசத்தில் டேரில் இன்னும் கொஞ்சம் குனிந்தான். ஒரு பூரான் அவன் மூக்கு நுனிக்குத் தாவியது.

"இயேசுவே!"

"கடைசியில ஜெபம் பண்றாரு" என்றார் ராஜேந்திரன்.

டேரில் தார்ப்பாயை உதறிக்கொண்டு வெளியே வந்தான். மூக்கு சிவந்திருந்தது, முகம் பிரகாசமாக இருந்தது. சாவியை விடச் சொல்லிவிட்டு மூடியின் மேல் விரலை வைத்துத் தடவினான். பிசுபிசுவென்று ஈரம். ஓரத்தில், கிளிப் பிடிக்கும் இடத்தில், வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பனி ஈரமாக இருக்கலாம். ஆனால் பனி வெள்ளையாகப் பூக்காதே? யோசிக்காமல் விரலை நாக்கில் வைத்தான்.

"உப்பு!"

தெரு அவனைப் பரிதாபமாகப் பார்த்தது. டேரில் மெதுவாக ராஜேந்திரன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே. நேத்து சாயங்காலம் நீங்க இந்தப் பக்கம் ஏதாவது வேலையா..."

ராஜேந்திரன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நான் வாங்கப் போற வண்டிக்கு நானே உப்பு போடுவனா தம்பி? அது என்ன மாங்காயா?"

நியாயமாகத்தான் இருந்தது. அப்படியானால் வேறு யார்? உப்புத் தண்ணீர். மர்பி டவுனிலிருந்து கடல் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். சமையலறையிலும் யாரும் உப்பைக் கரைத்து வைப்பதில்லை. உப்பைத் தண்ணீரில் வேறு எங்கே கரைப்பார்கள்?

அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன் அவன். ஃபாதர் தீர்த்தம் மந்திரிக்கும்போது பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவன். அந்தத் தட்டில் இருந்ததை ஃபாதர் ஆசீர்வதித்து, சிலுவை அடையாளமாகத் தண்ணீரில் போடுவார்.

உப்பு.

டேரில் திரும்பினான். அல்போன்சா காரிலிருந்து இறங்கி, எதிர்வீட்டுச் சாக்கடையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அல்போன்சா."

"பூசைக்கு நேரமாச்சு. நான் ஆட்டோ கூப்பிடறேன்."

"அல்போன்சா, நீ இதுல தீர்த்தம் தெளிச்சியா?"

"தெளிச்சா என்னவாம்?" என்றாள் அவள், சாக்கடையிடம். "வியாழக்கிழமை விவேக் நகர் நவநாள் ஜெபத்துக்குப் போனப்போ குழந்தை இயேசு கோயில்ல புடிச்சிக்கினு வந்தேன். நீதானே சொன்ன, எல்லா வினையும் இந்த மூடியிலதான்னு? வினை இருக்கிற இடத்துல தெளிக்காம வேற எங்க தெளிப்பாங்க?"

"எப்போ?"

"நீ பாட்டு கத்துக்கப் போறப்போ. சனிக்கிழமை." குரல் தணிந்தது. "முதல்ல ரெண்டு சொட்டுதான். கேக்கல. அப்புறம் ஒரு பாட்டில் மூடி நிறைய. அப்பவும் கேக்கல. நேத்து கடைசி வாரமாச்சேன்னு பாட்டில்ல இருந்தது பூராவையும் ஊத்திட்டேன்."

சீனுவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீதானே வண்டி போகட்டும்னு கெடு வச்ச?" என்றான் டேரில்.

"கெடு வச்சாதான் நீ ஒழுங்கா பார்ப்பே. அதுக்காக அது போயிடணும்னு நான் எங்க சொன்னேன்?" இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "கோயில் வாசல்ல இறங்கறப்போ உன் மூஞ்சிய நீ பார்த்ததில்ல. நான் பார்த்திருக்கேன்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது டேரில் விளக்கத் தொடங்கிவிடுவான்.

"சுத்தமான தண்ணியில கரண்ட் அவ்வளவு சுலபமா போகாது. உப்பு கலந்துட்டா ராஜபாட்டை. அது காஞ்சாலும் உப்பு அங்கேயே ஒட்டிக்கினு இருக்கும். காலைப் பனியைக் குடிச்சி மறுபடியும் ஈரமாயிடும். வெயில் ஏறினா காஞ்சிடும், வண்டி கிளம்பிடும். அப்புறம் நயாஸ் பாய் வந்து துண்டால துடைச்சிடுவாரு, வாரம் பூரா பிரச்சினை இல்ல. அவருக்கே தெரியாம அவருதான் வைத்தியம் பார்த்துக்கினு இருந்திருக்காரு!"

"அங்கிள்," என்றான் சீனு, "பூசை மணி அடிக்குது."

அது முதல் மணி. இரண்டாவது மணிக்குள் கிளம்பினால் வண்டி தப்பும். டேரில் கிளிப்புகளைத் தட்டி மூடியைக் கழற்றினான். வயரில் எது எந்த இடம் என்று குழம்பாமலிருக்க, வயர்களோடு சேர்த்தே வெளியே எடுத்தான்.

"குடிக்கிற தண்ணி கொண்டா."

அல்போன்சா சொம்போடு ஓடி வந்தாள். "மறுபடியும் தண்ணியா?"

"உப்பைத் துணியால துடைச்சா தேய்ச்சிப் பரப்பின மாதிரிதான் ஆகும். கொஞ்சமா இருந்தா பாயோட துண்டு போதும். நீ ஒரு பாட்டில் ஊத்தியிருக்க. கரைச்சி விடணும், அப்புறம் நல்லா காய வைக்கணும். சீனு, தலை காய வைக்கிற மிஷின் இருக்கா உன்கிட்ட?"

சீனுவிடம் இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் பாம்பாக இறங்கியது. டேரில் மூடியைக் கழுவி, உள்ளும் புறமும் பழைய பனியனால் துடைத்தான். சீனு தன் முடிக்குக் காட்டாத பொறுமையோடு அதற்குச் சூடான காற்றைக் காட்டினான். ராஜேந்திரன் கடைசியில் மனிதர்தான். எழுந்து வந்து வயர் முனைகளைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார்.

"பொண்ணு பார்க்க வந்தவனையே பந்தக்கால் நட வெக்கிறீங்க" என்று முனகிக்கொண்டேதான் துடைத்தார்.

மூடி ஏறியது. கிளிப்புகள் சொடுக்கின. அல்போன்சா ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். டேரில் சாவியைத் திருகினான். கர்ர் என்ற ஒற்றைச் சத்தம். உடனே ஓணான் முழுத் தொண்டையில் உறுமியது. ராஜேந்திரன் காலி டம்ளரை அல்போன்சாவின் வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு போனார். இரண்டாவது மணி அடிக்கும்போது டேரில் கோயில் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அல்போன்சா இம்முறையும் பார்த்தாள்.

இப்போதும் அவள் வியாழக்கிழமைதோறும் தீர்த்தம் கொண்டுவருகிறாள். அதைச் சாவிக்கு மட்டும் தெளிக்கிறாள். மூடியைக் குடிதண்ணீரில் ஒரு தடவை நன்றாகக் கழுவிக் காயவைத்து மாட்டியாயிற்று. சனிக்கிழமைதோறும் உலர்ந்த துணியால் ஒரு துடை. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கார் முதல் திருகலிலேயே கிளம்புகிறது.